லாந்த்: புதர்வெளி காடான வரலாறு

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பழைய மாகாணங்கள் கலைக்கப்பட்டு, 1790இல் 83 நிருவாக மாவட்டங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஆறு, மலை முதலிய இயற்கைக் கூறுகளின் பெயர்களைப் பெற்றன. தென்மேற்கில், அட்லாண்டிக் கடலோரம் அமைந்த மாவட்டத்திற்கு 'லாந்த்' என்னும் பெயர் வாய்த்தது. மரமற்ற புதர்வெளி என்பது அதன் பொருள். ஆனால், இன்று அங்குச் செல்வோர் காண்பது கண்ணுக்கெட்டும் தொலைவுவரை பைன் மரங்களையே.

அதூர் ஆற்றுக்குத் தெற்கே மக்காச்சோளம் விளையும் வளமான குன்றுப்பகுதி உள்ளது. வடக்கே விரிந்து கிடப்பது மணற்சமவெளி. மணலுக்கு அடியில் இரும்பு கலந்து இறுகிய படிவு ஒன்று நீரை உள்ளே இறங்கவிடாது தடுக்கிறது. அதனால் முன்னாளில் குளிர்காலத்தில் நிலம் சதுப்பாகும். கோடையிலோ வறண்டு கிடக்கும்.

இத்தகைய நிலத்திலும் மக்கள் வாழ வழி கண்டனர். கொக்கலிக்கட்டை ஆட்டத்தில் கட்டுவதைப் போன்ற உயர்ந்த மரக்கால்களைக் கட்டிக்கொண்டு, மேய்ப்பர்கள் சதுப்பைக் கடந்து ஆடுகளைக் காத்தனர். நீண்ட கோலொன்றை முதுகுக்கு முட்டுக்கொடுத்து நின்றபடியே கம்பளி பின்னினர். ஆடுகள் இறைச்சிக்காக மட்டும் வளர்க்கப்படவில்லை. அவற்றின் எரு இல்லையேல் அம்மணலில் ரை என்னும் தானியம் விளையாது. மேய்ச்சல் வெளியோ ஊருக்குப் பொதுவானது.

அரசின் கண்ணுக்கு அது வெறுந்தரிசாகவே பட்டது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1857 ஜூன் 19இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஊர்கள் தம் பொதுநிலத்தில் வடிகால் வெட்டி மரம் நடவேண்டும் என்றது அச்சட்டம். செலவைத் தாங்க இயலாத ஊர்கள் நிலத்தை விற்றன, செல்வர்கள் வாங்கினர். மேய்ச்சலை இழந்தோர் சிலர் இளங்காடுகளுக்குத் தீயிட்டனர்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து பிசின் வரத்துக் குறைந்தபோது லாந்தின் பைன் பிசின் நல்ல விலை பெற்றது. காடு செல்வம் தந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும், ஆடு மேய்த்தவர்கள் பலர் பிறர் காட்டில் பட்டை செதுக்கி, வடியும் பிசினைச் சேகரிக்கும் வாரக்குடிகளாயினர்.

லபுயேர் என்னும் ஊரில் 1844இல் பிறந்த ஃபெலிக்ஸ் அர்னோதன் இம்மாற்றத்தைக் கண்முன்னே கண்டவர். மறைந்துகொண்டிருந்த புதர்வெளியையும் அதன் மேய்ப்பர்களையும் ஒளிப்படங்களாக எடுத்தார். முதியோரிடம் கேட்டு நாட்டுப்பாடல்களையும் கதைகளையும் தொகுத்தார். 1921இல் அவர் மறைந்தபோது மேய்ச்சல் வெளியின் பெரும்பகுதி காடாகிவிட்டிருந்தது. 2009 ஜனவரியில் வீசிய பெரும்புயல் அக்காட்டின் பெரும்பரப்பைச் சாய்த்தது. சாய்ந்த இடங்களில் மீண்டும் நடப்பட்டவையும் பெரும்பாலும் பைன் கன்றுகளே.