கூரைமேல் ஒரு பெண்ணின் பெயர்

கேள்வி: இங்கிலாந்தின் ஹார்ட்விக் ஹால் மாளிகையின் கோபுரங்களில் ‘இ.எஸ்.’ என்று கல்லில் வெட்டியிருக்கிறதே, யார் அது?

பதில்: எலிசபெத் ஷ்ரூஸ்பரி. பெஸ் என்றால்தான் ஊருக்குத் தெரியும். டெர்பிஷயரில் சுமாரான குடும்பத்தில் பிறந்தவர். நான்கு முறை மணந்து நான்கு முறையும் கணவரை இழந்தவர். 1590-இல் நான்காவது கணவர் இறந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இந்த மாளிகையை எழுப்பி, 1597-இல் குடியேறினார். கண்ணாடி மிகவும் விலை உயர்ந்திருந்த காலம் அது. இங்கேயோ மாடி ஏற ஏற ஜன்னல்கள் உயரமாகிக்கொண்டே போகும். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துகளை ஆகாயத்தை ஒட்டி நிறுத்திவைத்தார். என்ன துணிச்சல்!

அவருடைய வம்சத்து டெவன்ஷயர் பிரபுக்களுக்குச் சாட்ஸ்வொர்த் மாளிகையே பிரதான வாசஸ்தலம். அதனால் ஹார்ட்விக்கை யாரும் இடித்து மாற்றவில்லை. பழைய கோலம் தப்பியது. 1950-இல் பத்தாவது டெவன்ஷயர் டியூக் இறந்ததும் 80 சதவீத மரண வரி வந்து விழுந்தது. அந்த வரிக்கு ஈடாக 1956-இல் அரசிடம் போன மாளிகை, 1959-இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வசமானது. கடைசியாக அங்கே வாழ்ந்தவர் அந்தப் பத்தாவது டியூக்கின் தாயார் ஈவ்லின் சீமாட்டி. நைந்துபோன பழைய சித்திரத் திரைகளைத் தன் கையாலேயே தைத்துத் தைத்துக் காத்தவர். பெஸ்ஸுக்குச் சமமாக அவரையும் வைத்துப் பேச வேண்டும் என்பேன்.