தெளிந்த நீரிலும் நஞ்சு

தூய நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று கீழ் வகுப்பில் படித்தோம். நீரில் கரைந்த ஆசனிக்கும் அப்படித்தான். கண்ணாலோ நாவாலோ அதை அறிய முடியாது. இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்ற நாடு பங்களாதேஷ்.

அங்கு குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகிய சிறுவர் பலர் வயிற்றோட்டத்தால் இறந்தனர். அவர்களைக் காப்பாற்றவே 1970களில் அரசும் யுனிசெப் நிறுவனமும் குழாய்க் கிணறுகளை அமைத்தன. நோக்கம் நல்லது. ஆனால் அந்நீரில் ஆசனிக்கு உண்டா என்று அன்று சோதிக்கப்படவில்லை. 1993இல்தான் உண்மை வெளிப்பட்டது. 3.5 கோடி முதல் 7.7 கோடி வரையான மக்கள் ஆபத்தில் இருப்பதாக 2000ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது.

இந்த நஞ்சை யாரும் கொட்டவில்லை. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளோடு அது ஒட்டியிருந்தது. ஒட்சிசன் அற்ற நிலத்தடியில் பற்றீரியாக்கள் அந்த ஒட்சைட்டைத் தாழ்த்தும்போது ஆசனிக்கு விடுபட்டு நீரில் கலக்கிறது.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அளவு. அதிக ஆசனிக்குள்ள நீரைப் பல ஆண்டுகள் பருகினால் தோலில் கரும்புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் பாதமும் தடிக்கும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களும் இதய நோயும் ஏற்படலாம். இது தொற்றுநோய் அல்ல. ஆயினும் நோயாளிகள் ஒதுக்கப்பட்டனர். பெண்களின் திருமணங்கள் தடைப்பட்டன.

கொதிக்க வைத்தால் கிருமிகள் இறக்கும், ஆசனிக்கு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். எனவே அங்கு கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினர்.

எமது கேகாலை வண்டற் சமவெளி அல்ல, மலைநாடு. பங்களாதேஷின் நிலை இங்கும் உண்டு என்று நான் கூறவரவில்லை. ஆனால் நாமும் கிணற்று நீரையும் தோட்டத்துப் பீலி நீரையும் தெளிவைப் பார்த்தே நம்புகிறோம். கிணறு தோண்டிக் கொடுப்பது ஸதகதுல் ஜாரியா. அந்த நன்மை முழுமை பெற, கிணற்றைத் திறந்து வைக்கும் முன் அதன் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். நீரைக் கொடுப்பது போலவே, அது நல்ல நீர்தானா என்று பார்ப்பதும் நம் பொறுப்பே.