ஆணத்தில் நீரைக் கூட்டுவோம்



விருந்து என்றதும் வியாபாரிகளாகிய நம் மனம் செலவுக் கணக்கில் இறங்கிவிடுகிறது. இத்தனை சஹன், இத்தனை பேர் என்று எண்ணி, கை ஓயட்டும் என ஒத்திப்போடுகிறோம். அதற்குள் கூட்டாளி ஊர் திரும்பும் நாளே வந்துவிடுகிறது.

மார்க்கம் காட்டும் வழி எளிது. ஆணம் காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தது முஸ்லிம் ஹதீது நூலில் உள்ளது. இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை. நீரைத்தான் கூட்டச் சொன்னார்கள். ஆகவே ஏழைக்கும் சாக்கில்லை. இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற கருத்தும் புகாரியில் வந்துள்ளது.

நம் கடைத்தெருவில் காசு கொடுத்தால் எந்த உணவும் கிடைக்கும். ஆனால் குடும்பத்தை ஊரில் விட்டுவந்து தனியே தங்கியிருக்கும் நண்பருக்கு வீட்டுச் சோறு அங்கே ஏது? தூக்குச் சட்டியில் பருப்பாணமும் கருவாட்டுப் பொரியலும் போய்ச் சேர்ந்தால், தம்மை நினைக்க ஒரு வீடு உண்டென்று அவர் உள்ளம் குளிரும்.

இதில் பேணவேண்டியவை மூன்று. சமைப்பவர் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் முன்னதாகச் சொல்லி, கூடமாட உதவவேண்டும். பெறுபவர் எதையும் அற்பமாக எண்ணலாகாது. கொடுப்பவர் அதைப் பற்று வரவில் எழுதலாகாது. இறைவனுக்காக உணவளிப்போர் கைம்மாறும் நன்றியும் நாடமாட்டார்கள் எனத் திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் கூறுகிறது.

வரும் ஜும்ஆ தொழுதபின், தனியே உண்ணும் ஒருவரை நம் வீட்டுக்கு அழைத்துச் செல்வோமாக! ஆமீன்.