கல்லும் விளக்கும்



ஓர் ஊரார் உயிரோடிருக்கையில் எதைப் பெரிதாக எண்ணினார்கள் என்று அறிய வேண்டுமா? அவர்களுடைய கல்லறைகளைப் பார்த்தால் போதும். இவ்வாரப் பாடத்திற்காக இங்கிலாந்து தேசத்தின் கிளாஸ்டர்ஷயர் நாட்டுப்புறத்திலுள்ள பெயின்ஸ்விக் என்னும் சிற்றூருக்கு மனத்தால் போய் வருவோம்.

அவ்வூர்க் கோவில் தேவமாதாவின் பெயரால் விளங்குவது. 16-ம் நூற்றாண்டுவரை கத்தோலிக்கக் கோவிலாயிருந்து, பின்பு ஆங்கிலிக்கன் சபையின் கோவிலாயிற்று. அதன் முற்றமெங்கும் யூ என்னும் பச்சை மாறாத மரங்கள், கத்தரித்து ஒழுங்கு செய்யப்பட்டு நிற்கின்றன. அவை 99 என்றும், நூறாவது மரத்தை வைத்தால் பசாசு பிடுங்கிவிடுமென்றும் ஊரார் கதை சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்தால் நூறுக்குக் குறையாது! அந்த மரங்களின் நடுவேதான் நாம் பார்க்கவந்த கல்லறைகள் இருக்கின்றன.

1. செல்வர் கட்டிய கல்லறைகள்

பெயின்ஸ்விக் ஆட்டுரோமத்தால் செழித்த ஊர். ஓடைத் தண்ணீரால் ஆலைகளை ஓட்டிக் கம்பளித்துணி நெய்வித்த வியாபாரிகள் 17, 18-ம் நூற்றாண்டுகளில் பெரும் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு கல்லறைக் கல்லாயிற்று. சில கல்லறைகள் பெரிய பெட்டி போலவும், சில மேசை போலவும், சில உயர்ந்து உருண்ட தூண் போலவும் இருக்கும். இந்தக் கடைசி வகைக்குத் தேயிலை டப்பா என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவ்வட்டாரத்துக் கல் ஒருவகைச் சுண்ணாம்புக் கல். சுரங்கத்திலிருந்து எடுத்த புதிதில் மிருதுவாயிருக்கும். காற்றுப் படப்பட இறுகும். ஆகையால் இலையும் சிப்பியும் சுருளுமாகச் செதுக்க ஏற்றது. பிரையன் என்னும் கல்தச்சர் குடும்பம் இவ்வேலையில் பேர் பெற்றது. அக்குடும்பத்து ஜான் பிரையன் 1787-ல் மரித்தார். அவருக்குக் கூர்ங்கோபுர வடிவில் அமைந்த கல்லறை இன்றும் அங்கே நிற்கிறது.

இன்னொரு விசேஷம் கேளுங்கள். கம்பளி வியாபாரம் விருத்தியாக வேண்டுமென்று, பிரேதங்களைக் கம்பளித்துணியிலேயே சுற்றி அடக்க வேண்டும் என்று 1666-ல் அரசாங்கம் சட்டம் செய்து, 1678-ல் அதைக் கடுமையாக்கிற்று. மீறினால் 5 பவுன் அபராதம். அதில் பாதி அந்தப் பங்கின் ஏழைகளுக்கு. பணக்காரர் சிலர் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தங்கள் விருப்பப்படி நார்த்துணியில் அடக்கம் பெற்றார்கள்! 1814-ல்தான் அச்சட்டம் நீங்கியது.

2. கல்லில் எழுதிய பாஷை

அக்காலத்தில் எழுத்து வாசிக்கத் தெரியாதவர் அநேகர். ஆகவே கல்லில் படமே பாடமாயிற்று. மண்டையோடும் எலும்பும், எல்லாருக்கும் சாவு உண்டென்று சொல்லும். மணற்கடிகாரம், காலம் ஓடுகிறதென்று எச்சரிக்கும். தன் வாலைத் தானே கவ்வும் பாம்பு முடிவில்லாத நித்தியத்துக்கு அடையாளம். எக்காளம் ஊதும் சம்மனசு உத்தானத்தை நினைப்பூட்டும்.

இந்த அடையாளங்களும் காலத்தோடு மாறின. 17-ம் நூற்றாண்டில் மண்டையோடு மிகுதி. 18-ம் நூற்றாண்டில் சிறகு முளைத்த குழந்தை முகங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. அதன்பின் துணி போர்த்திய கலசம் வந்தது. பயத்திலிருந்து நம்பிக்கைக்கு வந்தார்கள். பிறகு வெறும் துக்கத்தோடு நின்றார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. மரித்தவரைத் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகவே வைத்தார்கள். நம் ஆண்டவர் கிழக்கிலிருந்து வரும்போது, எழுந்தவுடன் அவர் திருமுகத்தைப் பார்க்க வேண்டுமென்பது அதன் கருத்து.

3. கல்லும் கரையும்

இத்தனை செலவழித்த கற்கள் நிலைத்தனவா? மழைநீர் சுண்ணாம்புக் கல்லை மெல்ல மெல்ல அரிக்கும். நிலக்கரிப் புகை கலந்த மழையோ இன்னும் விரைவில் தின்னும். கற்பாசி வேறு படர்கிறது. சம்மனசின் மூக்கு தேய்ந்துபோயிற்று; பல கற்களில் பெயரே வாசிக்க முடியவில்லை. பேர் நிலைக்க வேண்டுமென்று வைத்த கல் பேரை இழந்துவிட்டது.

இது செல்வர் கதை. ஆட்டை மேய்த்தவன், நூல் நூற்றவள் எங்கே? அவர்களுக்குக் கல்லே இல்லை. ஒரே குழியில் தலைமுறை தலைமுறையாக அடக்கியதால் பழைய கோவில் முற்றங்கள் பலவற்றில் தரையே உயர்ந்திருக்கிறது. 1538 முதல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் இவற்றை எழுதிவைக்க அரசாங்கம் கட்டளையிட்டது. அந்தப் புத்தகத்தில் ஒரு வரியே பல ஏழைகளுக்கு மிஞ்சிய நினைவுச்சின்னம்.

4. ஏழை ஆத்துமாக்களின் விளக்கு

பெயின்ஸ்விக்கிலிருந்து சில மைல் தொலைவில் பிஸ்லி என்றொரு ஊர். அவ்வூர்க் கோவில் முற்றத்தில் 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு கல் மண்டபம் ஒன்று நிற்கிறது. ஆறு பக்கம், கூம்பிய முடி, சுற்றிலும் மெழுகுதிரி வைக்க மாடங்கள். ஏழை ஆத்துமாக்களின் விளக்கு என்பது அதன் பெயர். பூசைக்கும் மெழுகுதிரிக்கும் பணம் கொடுக்க யாருமில்லாமல் மரித்தவர்களுக்காக அங்கே விளக்கு ஏற்றினார்கள். அதில் எவர் பேரும் இல்லை. இல்லாததனாலேயே அது எல்லாருக்கும் உரியதாயிற்று.

அக்காலக் கல்லறைகளில், "இவர் ஆத்துமத்துக்காக மன்றாடுங்கள்" என்று வழிப்போக்கரைக் கெஞ்சும் வாசகம் இருக்கும். 1547-ல் ஆறாம் எட்வர்ட் அரசர் காலத்தில், மரித்தோருக்காகப் பூசை செய்விக்க ஏற்படுத்தியிருந்த மானியங்களைச் சட்டத்தால் ஒழித்தார்கள். பல கற்களிலிருந்து அந்த வாசகத்தையும் செதுக்கி எடுத்தார்கள். பின்வந்த கற்கள் மரித்தவருடைய குணங்களைப் புகழ்ந்தன. பார்ப்பவருக்குப் புத்தி சொல்லின. ஆனால் ஜெபத்தைக் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, பெற்றோருக்குக் கல்லறை கட்டுவது தவறல்ல. அது பிள்ளைகளின் அன்புக் கடன். ஆனால் கடன் வாங்கிச் சலவைக்கல் பதித்துவிட்டு, வருஷத்தில் ஒரு பூசைக்கும் போகாதவன் எதைக் கட்டினான்? கல் நம்மைப் பார்க்கிறவர்களுக்கு; ஜெபம் மரித்தவர்களுக்கு.

குடும்பத்தில் செய்ய: அடுத்தமுறை கல்லறைத் தோட்டத்திற்குப் போகையில் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். உங்களவர் கல்லறையில் ஜெபித்தபின், பேரும் சிலுவையும் இல்லாத ஒரு மண்மேட்டருகில் நின்று ஒரு மெழுகுதிரி ஏற்றி, "நித்திய இளைப்பாற்றி" சொல்லிவிட்டு வாருங்கள். அந்த ஆத்துமத்தின் பேர் சர்வேசுரனுக்குத் தெரியும்.