பூச்சியைப் பார்க்குமுன் வேரைப் பாருங்கள்

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் சொஸைட்டியில் இரண்டு பெரிய மரங்கள். வாசலில் தூங்குமூஞ்சி, பின்பக்கம் கொன்றை. சென்ற கோடையில் தூங்குமூஞ்சியின் கிளைகளில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி. மழை தொடங்கியதும் கொன்றைத் தளிரில் பச்சைப் புழுக்கள். "இரண்டுக்கும் மருந்தடிப்போம், இல்லாவிட்டால் வெட்டிவிடுவோம்" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. தாவரவியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். அங்கே சொன்னதை நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

மராத்தியர் 'பஹாவா' என்று அழைக்கும் கொன்றை, இந்த மண்ணின் மரம். அதன் தளிரைத் தின்னும் புழுக்கள் சில வாரங்களில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளாகப் பறந்துவிடும். பல புழுக்கள் குருவிகளுக்கு இரையாகும். நலமான மரம் மீண்டும் துளிர்த்துக்கொள்ளும். இது நோயல்ல.

தூங்குமூஞ்சியின் கதை வேறு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரத்தின் அடிவரை எங்கள் சொஸைட்டியில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். வேருக்கு நீருமில்லை, காற்றுமில்லை. நீர்ப்பஞ்சத்தில் வாடும் மரத்தின் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடுவதுண்டு. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது விருந்து. மரத்தின் எதிர்ப்புச் சக்தியோ குறைந்துவிடுகிறது. பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் வந்து, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை விரட்டுகின்றன. அக்கழிவின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலைக்கு வெயிலை மறைக்கிறது. மும்பையில் இப்படிப் பட்டுப்போன தூங்குமூஞ்சி மரங்கள் பல.

மருந்தடித்தால் பொறிவண்டும் சாகும். வேரின் தாகம் மட்டும் தீராது. தில்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதை நினைவூட்டினேன். முணுமுணுப்புக்கிடையே சிமெண்டைப் பெயர்த்தோம். மாநகராட்சி அனுமதி பெற்று, பூச்சி அப்பிய சிறு கிளைகளைக் கழித்தோம். கொன்றையைத் தொடவில்லை. அது இப்போது தழைத்து நிற்கிறது. தூங்குமூஞ்சி பிழைத்ததா என்பது அடுத்த கோடையில்தான் தெரியும்.

பிள்ளைகளே, உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயர் என்ன? அடியில் மண் தெரிகிறதா? இலை கடிபட்டிருக்கிறதா, பிசுபிசுக்கிறதா? தண்டில் எறும்பு ஏறுகிறதா? மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். எந்த மரத்துக்கு உதவி தேவை என்பது உங்களுக்கே விளங்கும்.