குருதி சொல்வதும் எலும்பு சொல்வதும்

இவ்வாண்டு தைத் திங்களில் என் அப்பத்தாவின் குருதிச் சோதனைத் தாள் ஊரிலிருந்து எனக்கு வந்தது. தில்லியில் உயிர்வேதியியல் படிக்கும் பேரன் அல்லவா? படித்துச் சொல்லும் உரிமை எனக்கே கிடைத்தது. கால்சியம் 100 மில்லி லிட்டருக்கு 9.4 மில்லி கிராம், இயல்பான அளவு. "அப்பத்தா, உங்க எலும்புக்கு ஒரு குறையும் இல்லை" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

சித்திரையில் அவர் முற்றத்தில் கால் தவறி விழுந்தார். இடுப்பருகே தொடையெலும்பு முறிந்தது. தாள் பொய் சொல்லவில்லை. நான்தான் பிழையாகப் படித்தேன்.

என் பிழை யாது? உடலின் கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. குருதியில் இருப்பது மிகச் சிறு பங்கு. ஆயினும் அது குறைந்தால் தசை இழுக்கும். இதயத் துடிப்பும் தடுமாறும். ஆகவே, அது குறையத் தொடங்கியதும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. எலும்பிலிருந்து கால்சியம் குருதிக்கு வருகிறது. உலைப்பானையில் அரிசி இருப்பதைக் கண்டு, குதிர் நிறைந்திருக்கிறது என்று சொன்னவன் நான்!

எலும்பு நாள்தோறும் கரைந்து, நாள்தோறும் கட்டப்படுகிறது. கரைக்கும் அணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைக்கிறது. மாதவிடாய் நின்றபின் அது குறைகிறது; கரைவது மிகுந்து, கட்டுவது பின்தங்குகிறது. இத்தொடர்பை 1941இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் குருதியில் எலும்பின் செய்தியே இல்லையா? உண்டு. எலும்பின் சட்டகம் கொலாஜன் என்னும் புரதம். அதன் முப்புரி அமைப்பை 1954, 1955ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர். எலும்பு கரையும்போது கொலாஜனின் துணுக்கு ஒன்று குருதியில் கலக்கிறது. அதன் பெயர் சி.டி.எக்ஸ். புதிதாய்க் கட்டும்போது மற்றொரு துணுக்கு கலக்கிறது, அது பி1என்பி. முன்னது குதிரிலிருந்து அள்ளும் கணக்கு. பின்னது குதிரில் கொட்டும் கணக்கு. உணவுண்டால் சி.டி.எக்ஸ். இறங்கும், எனவே காலையில் வெறும் வயிற்றில் குருதி எடுக்க வேண்டும். மருந்து பயன் தருகிறதா என்பதைச் சில திங்களிலேயே இவை காட்டும்.

ஆனால் குதிரில் மீதி எவ்வளவு? அதை இவையும் சொல்லா. அதற்கு டெக்ஸா என்னும் எக்ஸ்-கதிர்ச் சோதனை வேண்டும். இளம்பெண்களின் சராசரி எலும்படர்த்தியோடு ஒப்பிட்டு ஓர் எண் தருவர். அது -2.5 அல்லது அதற்கும் கீழானால் எலும்புப்புரை என்பது 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வரையறை. முறிவுக்குப் பின் எடுத்த சோதனையில் அப்பத்தாவின் எண் -3.1.

இப்போது அவர் கைத்தடியோடு நடக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "நீ படிக்கிற பிள்ளைதானே, இனிச் சரியாப் படி" என்றார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே! வீட்டில் அறுபத்தைந்து வயது கடந்த பெண்கள் இருக்கிறார்களா? மாதவிடாய் நின்றபின், இலேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர் உண்டா? எலும்படர்த்திச் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால்சியம் இயல்பு என்ற ஒரு வரியோடு நின்றுவிடாதீர்கள், நான் நின்றுவிட்டேன்.