வண்டி புறப்பட மறுப்பது ஏன்?

மோட்டார் வண்டி யாதொரு காரணமுமின்றி நிற்பதில்லை. சாவியைத் திருப்பியவுடன் என்ஜின் இயங்க வேண்டுமாயின், காற்று, மின்பொறி, எரிபொருள் என்னும் மூன்றும் உரிய காலத்தில் உரிய அளவில் ஒன்றுகூடுதல் வேண்டும். இவற்றுள் எது குறைந்தது என்று ஆராயாமல் உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றுவது, நாடி பாராமல் மருந்தளிப்பதை ஒக்கும். இம்மூன்றனுள் எரிபொருளைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகின்றோம். அதற்குத் தக்க காரணம் விழுப்புரம் ஜில்லாவிலேயே உண்டு.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பெய்தது. அரசூரில் ஆற்றுவெள்ளம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை மூடிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தை வெள்ளம் எட்டியமையால் இரயில்களும் நிறுத்தப்பட்டன. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பின்னர்ப் புறப்பட மறுப்பது இயல்பே. வாடகை வண்டியோட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு வண்டி நிற்கும் நாளெல்லாம் வருவாயற்ற நாளாகும். குற்றம் இன்னதென்று அறியாமல் பம்பையும் வாங்கி மாற்றினால், அவ்விழப்பு இரட்டிக்கும்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. வெள்ளம் என்ஜின் வரை ஏறியிருப்பின், ஒரு முறையேனும் சாவியைத் திருப்பிப் பார்த்தலாகாது. காற்று அமுக்கத்துக்கு உட்படும், நீரோ உட்படாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கப் பிஸ்டன் மேலேறினால், அதனைத் தாங்கும் தண்டு வளைந்துபோம். காற்று வடிகட்டியைத் திறந்து, ஈரம் உளதா என்று பார்த்த பின்னரே மேற்செல்லல் வேண்டும்.

இனி, பெட்ரோலின் இயல்பை நோக்குவோம். இந்நாளில் நாம் வாங்குவது தனிப் பெட்ரோல் அன்று. இந்தியாவில் அதனுடன் எத்தனால் என்னும் சாராயச் சத்து, 2022-ல் நூற்றுக்கு 10 பங்கும், 2025-ல் நூற்றுக்கு 20 பங்கும் என்ற அளவை எட்டுமாறு கலக்கப்பட்டது. முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு செல்வதை நம்மிற் பலர் கண்டிருப்பர். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகும், கரும்புச் சாறும், தானியங்களும் எத்தனாலுக்கு மூலப்பொருள்களாம். எத்தனால் பெட்ரோலுடனும் கலக்கும், நீருடனும் கலக்கும். ஆயின் நீரின்பால் அதற்கு நாட்டம் மிகுதி. ஆதலால் தொட்டியிற் சிறிது நீர் புகுந்தால், எத்தனால் அதனைத் தன்னுட் கரைத்துக்கொள்ள, அந்நீர் பெட்ரோலுடன் சென்று தீங்கின்றி வெளியேறும். நீர் ஓர் எல்லையைக் கடந்தாலோ, எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீருடன் சேர்ந்து அடியிற் படியும். பம்பு உறிஞ்சுவதும் தொட்டியின் அடியிலிருந்தே. எனவே முதல்நாள் நன்கு ஓடிய வண்டி மறுநாள் முற்றும் மறுத்துவிடுகின்றது.

இதனைக் கல்லூரி இரசாயன சாலையில் எளிதிற் காணலாம். 100 மி.லி. அளவுக் குழாயில் 20 மி.லி. நீரும் 80 மி.லி. பெட்ரோலும் ஊற்றி, மூடிக் குலுக்கி, அசையாமல் வைக்க. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் உள்ள பெட்ரோலாயின், கீழடுக்கு 20 மி.லி.யில் நில்லாமல் ஏறத்தாழ 36 மி.லி. வரை உயர்ந்திருக்கும். உயர்ந்த பகுதி, மேலிருந்து இறங்கிவந்த எத்தனாலே. அருகில் நெருப்போ சுடரோ இருத்தலாகாது.

இனி ஆராயும் முறையைக் கூறுவோம். செலவில்லாத சோதனை முதலிலும், செலவுள்ளது இறுதியிலும் வருதல் முறை.

முதலாவது, ஸ்டார்ட்டர் என்ஜினை விரைவாகச் சுழற்றுகின்றதா என்று கவனிக்க. தளர்ந்து சுழன்றால், குற்றம் பெரும்பாலும் பாட்டரியைச் சார்ந்தது, பெட்ரோலைச் சார்ந்ததன்று.

இரண்டாவது, ஸ்டார்ட்டரை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிச் செவிகொடுக்க. பெரும்பாலான வண்டிகளில், பின்னிருக்கையின் கீழிருந்து இரண்டொரு நொடி பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேளாதாயின், உடனே பம்பைப் பழித்தல் கூடாது. பியூஸ், ரிலே, கம்பியிணைப்பு ஆகியவற்றை முன்னர்ப் பார்க்க.

மூன்றாவது, அவ்வாறே சாவியை மூன்று முறை திருப்பி நிறுத்தியபின் ஸ்டார்ட்டரை இயக்குக. அப்பொழுது எளிதிற் புறப்படுமாயின், இரவில் குழாயின் அமுக்கம் கசிந்து குறைகின்றது என்பது பொருள். பம்பிலுள்ள தடுப்பு வால்வு தேய்ந்திருக்கலாம். அல்லது இன்ஜெக்டர் ஒழுகலாம். ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் நாற்றத்தாலும் புறப்படுகையில் எழும் கரும்புகையாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நோக்குக. பலமுறை முயன்றும் அது உலர்ந்திருந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால், பெட்ரோல் மிகுந்தது. அல்லது மின்பொறி இல்லை. மிகுந்ததாயின், ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தியவண்ணம் ஸ்டார்ட்டரை இயக்குக. பல வண்டிகளில் அப்பொழுது இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ள, காற்று மட்டும் சென்று ஈரத்தைப் போக்கும்.

ஐந்தாவது, அமுக்கமானியைப் பொருத்திப் பார்க்க. இன்ஜெக்டர் வண்டிகள் பலவற்றில் 3 முதல் 4 பார் வரை காட்டும். சரியான அளவை வண்டியின் கைந்நூலில் அறிக. குறைந்திருந்தால், வடிகட்டி அடைபட்டதா, பம்பு தளர்ந்ததா என்பதைக் காண்க.

ஆறாவது, தொட்டியினடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துத் தெளியவிடுக. இரண்டு அடுக்குக் காணின், குற்றம் வெளிப்பட்டது. அதன்மேற் புதுப் பெட்ரோலை ஊற்றிச் சரிக்கட்ட எண்ணுதல் தவறு. தொட்டியை முற்றும் வடித்துத் துடைத்து, குழாய்களைக் கழுவி, வடிகட்டியை மாற்றுதலே தீர்வு. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இச்சோதனையையே ஏனையவற்றிற்கு முன் செய்தல் நலம்.

கார்புரேட்டர் பூண்ட அம்பாஸிடர், பத்மினி முதலிய பழைய வண்டிகளுக்கு வேறொரு நோயும் உண்டு. காலையில் எளிதிற் புறப்பட்டு, சித்திரை வெயிலில் ஓடி நின்றபின் மறுக்குமாயின், குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிப் பம்பு ஆவியையே இழுக்கின்றது எனக் கொள்க. பம்பின்மேல் ஈரத்துணி போர்த்தி ஆறவிட்டால் குணமாகும். எனவே, வண்டி காலையில் மறுக்கின்றதா, சூட்டில் மறுக்கின்றதா என்று வினவுதல் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது.

பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையை ஒட்டிப் பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். ஆகையால் திறந்தவெளியிலேயே பணி செய்க. குழாயை அவிழ்க்குமுன் அதன் அமுக்கத்தை நீக்குக. வடித்த கலவையைச் சாக்கடையில் ஊற்றாதொழிக.

மேற்கூறிய சோதனைகளுள் முதல் மூன்றுக்கும் காசு வேண்டுவதில்லை. கண்ணும் செவியும் பொறுமையுமே வேண்டும். சோதனைச் சாலையில் நாம் பயிலும் முறையும் இதுவேயன்றோ? ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, கண்டதைக் குறித்து, காரணத்தைத் துணிதல் வேண்டும். அப்பயிற்சி தேர்வறையோடு முடியாமல், மழைக்காலத்தில் தெருவில் நின்றுபோன அயலானின் வண்டிக்கும் உதவுமாயின், கற்ற கல்வி பயன்பட்டதாகும்.